பச்சை மார்க்கர்

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்கள் படித்தால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். மௌஸின் வயிற்றைத் திறந்து உருண்டையை வெளியே எடுத்து நகத்தால் அழுக்குச் சுரண்டியவர்கள் நாம். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவர்கள். நம்மில் பாதிப் பேருக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, மீதிப் பேருக்கு நரைப்பதற்கு முடி இல்லை. இந்த வயதில் மனதில் கிடக்கிற குப்பையை வெளியே கொட்டாவிட்டால் வேறு எப்போது கொட்டுவது?

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் இருந்த எல்லாப் பொருளிலும் அப்பாவின் கையெழுத்து இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், உதவித் தலைமையாசிரியர். சட்டைப் பையில் சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை மார்க்கர் செருகியிருக்கும். சைக்கிளைப் பஞ்சர் கடையில் விட்டால் டியூபில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் விடுவார். டிவியை ரிப்பேருக்குக் கொடுத்தபோது, பின்பக்க மூடியைக் கழற்றச் சொல்லி பிக்சர் டியூபின் கழுத்தில் போட்டார். மிக்சி மோட்டாரில் போட்டார். ஒருமுறை தையல்காரரிடம் கொடுத்த பேண்ட் துணியின் ஓரத்தில்கூடப் போட்டார், அது துவைக்கத் துவைக்கப் போகாமல் அவர் கணுக்காலிலேயே வருஷக்கணக்கில் இருந்தது.

"நல்லத உருவிக்கிட்டு ஓட்டைய மாட்டி விட்ருவாய்ங்கடா. எல்லாப் பயலும் அப்படித்தான்" என்பார். அப்பா மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் ஊரில் பல பேர் இப்படிச் செய்தார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது செய்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். மெக்கானிக் என்றாலே பொருளை மாற்றிவிடுவான் என்று பால் குடிக்கும்போதே நமக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அம்மாவின் பங்குக்கு, பாத்திரங்கள் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். பெயர் வெட்டாத எவர்சில்வர் டம்ளர் ஒன்றே ஒன்றுதான். அது அடுப்படி ஜன்னலில் தனியாகக் கவிழ்த்துக் கிடக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் காப்பி.

இரண்டாயிரத்தைத் தாண்டிய உடனே என்று நினைக்கிறேன், எங்கள் தெருவுக்கே முதலாவதாக எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அசெம்பிள் செய்தது வேண்டாம் என்று பெரிய கம்பெனி ஒன்றின் ரெடிமேட் பெட்டியையே அப்பா வாங்கினார். பொருத்த வந்தவர் கேபினட்டைத் திறந்து உள்ளே இருந்த ஒவ்வொரு பாகத்தின் நம்பரையும் ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகல் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அன்று சாயங்காலமே பங்குச் சாமியாரைக் கூட்டி வந்து மந்திரிக்கச் சொன்னார். சாமியார்தான் பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர். அவர் தீர்த்தத்தைத் தெளிக்கப் போகும்போது அப்பா குறுக்கே துண்டை விரித்து மானிட்டரை மறைத்தார். "சாமி, கொஞ்சமாத் தெளிங்க, உள்ள எறங்கிரும்." சாமியார் சிரித்துக்கொண்டே என் தலையில் தெளித்துவிட்டுப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. தீர்த்தம் வீணாய்ப் போன இடம் அது என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருஷம் கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பெரியப்பா மகன், தினத்தாளில் சுற்றிய ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வந்தான். அவன் புதிதாக வேறு வாங்கிவிட்டானாம், இது எனக்காம். கூடவே ஒரு கார் ரேஸ் சிடி. கார்டின் முதுகில் சின்னதாக ஒரு ஃபேன். அதைக் கையில் வாங்கி, ஃபேனை விரலால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். ஆனால் விளையாட்டுக்கு என்றால் அப்பா கேபினட்டைத் தொட விடமாட்டார். அதனால் பொய் சொன்னேன். "இதப் போட்டா எழுத்து ஆடாதாம்ப்பா. கண்ணு வலிக்காதாம்." அப்பா அப்போது வீட்டிலேயே வினாத்தாள் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்துக்கு ஒருதரம் கண்ணைக் கசக்குவார்.

பெரியப்பா மகன் கார்டைச் செருகினான். என் அதிர்ஷ்டம், பொய் பலித்துவிட்டது. திரை நடுங்குவது நின்று எழுத்து பளிச்சென்று நின்றது. அப்பா பக்கத்தில் வந்து, தள்ளிப் போய், மறுபடி பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருஷத்துக்கு இரண்டு முறைதான் வரும்.

ஆனால் பெட்டி தாங்கவில்லை. கார் ரேஸ் ஆரம்பித்து இரண்டாவது வளைவில் டப்பென்று அணைந்துபோகும். பெரியப்பா மகன் ஊருக்குப் போன பிறகு, அப்பா பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா வினாத்தாளைப் பாதி அடித்திருக்கும்போதும் ஒருநாள் அணைந்தது. அடித்ததெல்லாம் போச்சு. அப்பா மேசையில் குத்திய குத்தில் பேனா ஸ்டாண்டு கீழே விழுந்தது. அப்படித்தான் கம்ப்யூட்டர் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மட்டும் அல்ல, அந்தப் பக்கத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவருக்குச் சொந்த ஊர் சின்னாளப்பட்டி. மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சந்தில் ஒற்றை அறைக் கடை. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஒல்லி, கைவிரல் நுனியெல்லாம் சால்டரிங் சூடு பட்டுக் கறுத்திருக்கும். மிஷினோடு பேசுகிற பழக்கம் அவருக்கு. எங்கள் பெட்டியைத் தட்டி, "ஏன்டி, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"சார், இந்தக் கார்டு திங்கிற கரண்டுக்கு உள்ள இருக்க பவர் சப்ளை பத்தாது. சின்ன மோட்டார வச்சு மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மாதிரி. பெருசா ஒண்ணு போடணும். கடைக்குக் கொண்டு போயித்தான் செய்ய முடியும்" என்றார்.

அப்பா கேபினட்டைத் திறக்கச் சொன்னார். மார்க்கரை எடுத்தார். போர்டு, ஹார்ட் டிஸ்க், பழைய பவர் சப்ளை, புதுக் கார்டு, இரண்டு ரேம் என்று ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, வாயால் ஊதிக் காயவைத்தார். அண்ணன் பெயர் வெட்டாத டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "சார், அப்படியே என் மேலயும் ஒண்ணு போட்டு விட்ருங்க. நாளைக்கு என்னையவும் யாராச்சும் மாத்திட்டா?" என்றார். அடுப்படியில் அம்மா சிரித்துவிட்டாள். அப்பா மார்க்கரை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீயும் கூடப் போ. கடையிலயே உக்காரு. கண்ண எடுக்காதே."

அண்ணன் இந்த அவமானத்தையெல்லாம் ஏன் பொறுத்துக்கொண்டார் என்று கேட்பீர்கள். ஜூலையில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் திறக்கப் போகிறார்கள். இருபது மிஷின். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். யாரைப் போடலாம் என்று சாமியார் அப்பாவைத்தான் கேட்பார். அந்த வேலை கிடைத்துவிட்டால் அண்ணனுக்குக் கல்யாணமும் நடந்துவிடும். ஒட்டன்சத்திரத்தில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். "ஸ்கூல் வேல கையில வந்துட்டா பொண்ணு தாரேன்னு சொல்லிட்டாருல, மாமனாரு" என்று என்னிடமே சொன்னார். மாமனார் என்று சொல்லும்போது வெட்கப்பட்டார்.

இரண்டு நாள் அவர் கடையில் காவல் இருந்தேன். முதல் நாள் மதுரைக்கு பஸ் ஏறிப் போய்ப் புது பவர் சப்ளை வாங்கி வந்தார். இரண்டாம் நாள் காலையில் அதை எங்கள் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, செருகாமல் அப்படியே வெளியே எடுத்துவிட்டார். மீட்டரை எடுத்துப் பழையதன் ஒவ்வொரு வயரையும் தொட்டுத் தொட்டு ஒரு சிகரெட் அட்டையில் எழுதினார்.

"இங்க பாருலே வாத்தியார் மகனே. ரெண்டு கனெக்டரும் பாக்க ஒண்ணு மாதிரித்தான இருக்கு? ஆனா இந்தக் கம்பெனிக்காரன் வயர எடம் மாத்தி வச்சிருக்கான். இத நேராச் சொருகுனா போர்டு பொகஞ்சிரும். அம்புட்டுத்தான், சோலி முடிஞ்சுது."

ஒரு ஊசியை வைத்து ஒவ்வொரு வயராக உருவி, இடம் மாற்றிச் செருகினார். இருபது வயர். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், முகத்திலிருந்து வேர்வை சொட்டியது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "ரெண்டு டீயும் ஒரு தேங்காப் பன்னும் வாங்கிட்டு வா. பன்னு ஒனக்கு" என்றார். போய் வாங்கி வந்தேன். பன் சூடாக இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் போட்டதும் பெட்டி ஓடியது. திரையில் எதுவும் வரவில்லை. "முழிக்க மாட்டேங்குறாளா?" என்று ரேமைக் கழற்றினார். என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ரப்பரை வாங்கி அதன் தங்கக் கரையைத் தேய்த்து, ஒரு சின்னப் பாட்டிலில் இருந்த ஸ்பிரிட்டால் கரையை மட்டும் துடைத்துச் செருகினார். படம் வந்துவிட்டது. பழைய பவர் சப்ளையை அப்பாவின் கையெழுத்தோடு ஒரு பையில் போட்டு என்னிடமே கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் எனக்குச் சொர்க்கம். அப்பா பள்ளிக்கூட வேலையாக வெளியே போன நேரமெல்லாம் கார் ஓட்டினேன். மழை பெய்யும் சாலையில் எதிர்க் காரின் விளக்கு தண்ணீரில் மின்னும். அதைப் பார்ப்பதற்காகவே மெதுவாக ஓட்டித் தோற்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரை மறுபடியும் இருண்டது. அப்பா வருவதற்குள் சரி செய்தாக வேண்டும். கேபினட்டை நீ தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அப்பா சொல்லியிருந்தார், அவர் சொன்னால் செய்வார். பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். எனக்கு அண்ணன் செய்தது கண்ணுக்குள் இருந்தது. இருந்த இரண்டில் ஒரு ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? அலமாரியில் யூடிகோலன் இருந்தது. காய்ச்சல் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதுதான். கைக்குட்டையில் தாராளமாக ஊற்றி ரேமை இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தேன். செருகினேன். படம் வந்துவிட்டது! நானே மெக்கானிக் ஆகிவிட்ட மாதிரி துள்ளினேன். மூடியைப் போடப் போகும்போதுதான் கைக்குட்டையைப் பார்த்தேன். நடுவில் பச்சையாக இருந்தது.

கைக்குட்டையைக் கொல்லைச் சாக்கடையில் திணித்தேன். வேறென்ன செய்வது? அப்பாவின் கையெழுத்தை நான் போட முடியாது, அது இரண்டு சுழியும் ஒரு வாலுமாக வாத்தியார் கையெழுத்து. ஒன்றில் இல்லாததை அவர் எங்கே பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் லேப் ஆளைப் பற்றிச் சாமியாரிடம் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் அண்ணனின் யோக்கியதையைச் சோதிக்க நினைத்திருக்கிறார். கேபினட்டைத் திறந்து டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எண்ணினார். "போர்டு இருக்கு. டிஸ்க் இருக்கு. கார்டு இருக்கு. ரேமு ஒண்ணு இருக்கு." அதோடு நிறுத்தினார். டார்ச்சை அணைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "போயி அவனக் கூட்டிட்டு வா. எதுக்குன்னு சொல்லாதே" என்றார்.

போனேன். அண்ணன் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அப்பா வரச் சொன்னார் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "லேப் விசயமாலே?" என்று கேட்டார். "தெரியலண்ணே" என்றேன். முகம் கழுவி, தேய்த்து மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவர்க் கண்ணாடியில் தலை சீவினார். என்னை என் சைக்கிளிலேயே கேரியரில் உட்காரவைத்து அவர் மிதித்தார். வழி முழுக்க விசில் அடித்தார். அவர் முதுகில் சோப்பு வாசம் வந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா திறந்த கேபினட்டைத் திண்ணைக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டு, வாசலிலேயே ரேமோடு நின்றார். "இது யார் வீட்டு ரேமு?"

அண்ணனுக்குப் புரியவில்லை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுதுதான் சார்."

"என் கையெழுத்து எங்க?"

அண்ணன் அதை மூக்கருகே கொண்டுபோனார். குனிந்து கேபினட்டுக்குள் விரலை விட்டு எதையோ தொட்டு எடுத்தார். "யூடிகோலன் வாசம் அடிக்குது சார். இந்தா பாருங்க ரப்பர் தூளு, புதுசு. யாரோ கழட்டித் தொடச்சிருக்காங்க, மை அழிஞ்சிருச்சு." பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "நீ தொடச்சியா அப்பு? தொடச்சிருந்தா சொல்லு. தப்பில்ல, நாந்தான ஒனக்குக் காட்டுனேன்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நான் கதவுக்குப் பின்னால் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தேன். அழ ஆரம்பித்தேன். அம்மா ஓடி வந்து என்னை அணைத்துக்கொண்டாள். "பச்சப்புள்ளைய எதுக்குப்பா இழுத்து விடுற? வீட்ல யூடிகோலன் இருந்தா வாசம் வராதா?" அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன.

"நீ இதத் தொட்டியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"கடையில ஒன்னைய விட்டுட்டு இவன் தனியா இருந்தானா?"

"டீ வாங்கப் போகச் சொன்னாரு."

அது பொய்யில்லை பாருங்கள். அதுதான் கொடுமை. தேங்காய்ப் பன்னைப் பற்றி நான் சொல்லவில்லை.

அப்பா அறைந்தார். தெருவே பார்க்க, செவுளில் ஓங்கி ஒரு அறை. அண்ணன் கையிலிருந்த ரேம் தரையில் விழுந்தது. அந்த மனிதர் அந்த நேரத்திலும் முதலில் குனிந்து ரேமைத்தான் எடுத்தார், உடைந்துவிட்டதா என்று பார்த்து அப்பாவிடம் நீட்டினார். "சார், கம்பெனிக்காரன் குடுத்த தாள் இருக்கும் சார். அதுல நம்பர் இருக்கும். ஒரே ஒரு தடவ பாருங்க சார். நம்பர் மாறியிருந்தா நீங்க என்ன வேணா செய்ங்க."

"எத எப்பப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். புள்ள மேல பழி போட்ட வாயில இன்னொரு பேச்சு வந்துச்சு, போலீசுதான். போடா" என்றார் அப்பா.

ஊரில் இப்படிப்பட்ட பேச்சுக்குக் கால் முளைக்க வேண்டியதில்லை. வாத்தியார் வீட்டு ரேமை மாற்றியவன் என்று திங்கட்கிழமைக்குள் மணிக்கூண்டுக் கடைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. எத்தனை பேருக்கு ரேம் என்றால் என்னவென்று தெரியும்? திருட்டு என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். மாப்பிள்ளையைப் பற்றிப் பெரிய மனிதர் ஒருவரிடம் விசாரித்துவிட்டுத்தானே பெண் கொடுப்பார்கள்? அண்ணன் முன்பே எங்கள் அப்பாவின் பெயரைத்தான் சொல்லி வைத்திருந்திருக்கிறார். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அம்மா பெயர் வெட்டிய டம்ளரில் காப்பி கொண்டு வந்தாள்.

"ஏனுங்க சார், பையன் எப்படிங்க? என்னென்னமோ காதுல விழுகுதுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதுமுங்க. இன்னொருத்தரக் கேக்க மாட்டேனுங்க."

நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தேன்.

"தொழில் தெரிஞ்ச பையன்தான்" என்றார் அப்பா. "ஆனா நாம பொண்ணக் குடுக்குறோம். பொருளையே நம்பிக் குடுக்க முடியாத எடத்துல…" மீதியைச் சொல்லாமல் கையை விரித்தார்.

வந்தவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ரொம்ப நல்லதுங்க. கடவுளாப் பாத்து உங்க கிட்ட அனுப்பிச்சானுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

இதோடு விட்டார்களா? லேப் மதுரைக் கம்பெனி ஒன்றுக்குப் போனது. அங்கிருந்து டை கட்டிக்கொண்டு ஒருவர் வந்து இருபது மிஷினையும் மாட்டினார். அப்பா அவரை வீட்டுக்கும் கூட்டி வந்தார். "அந்தத் திருட்டுப் பய போட்ட பவர் சப்ளை என் வீட்ல எதுக்கு? கழட்டி வீசிட்டு உங்க கையால நல்லதா ஒண்ணு போடுங்க."

டைக்காரர் அண்ணன் போட்டதைக் கழற்றினார். தன் பெட்டியிலிருந்து புதியதை எடுத்தார். கனெக்டரை நேராகப் போர்டை நோக்கிக் கொண்டுபோனார். எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நேராகச் செருகினால் புகைந்துவிடும் என்று சொன்னால், யார் சொன்னது என்று கேட்பார்கள். அண்ணன் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தார் என்று சொல்ல வேண்டி வரும். அப்படிப்பட்ட ஆள் ரேமையா திருடுவான் என்று அப்பா யோசிப்பார். அப்புறம் என் பக்கம் திரும்புவார். வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்விட்ச் போட்டதும் பட்டென்று ஒரு சத்தம். கேபினட்டின் ஓட்டைகள் வழியாகப் புகை வந்தது. கருகிய நாற்றம் திரைச்சீலையில் ஏறி, அம்மா இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. டைக்காரர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். அண்ணன் போட்ட பவர் சப்ளையைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. "சார், இங்க பாருங்க. முன்னாடி பாத்தவன் வயரையே எடம் மாத்தி வச்சிருக்கான். வேணும்னே ஏதோ செஞ்சிருக்கான் சார்."

"நெனச்சேன்" என்றார் அப்பா. "வயித்தெரிச்சல்ல வச்சு விட்டுட்டுப் போயிருக்கான்." அதுவும் ஊருக்குள் போனது. தீபாவளிக்குள் அண்ணன் கடையைக் காலி செய்துவிட்டார். அந்த இடத்தில் செருப்புக் கடை வந்தது. எங்கள் பெட்டி பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு பரணில் ஏறியது.

கல்லூரியில் படித்தபோது ஒருமுறை அவரைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நிலக்கோட்டையிலிருந்து வந்த வேனிலிருந்து மல்லிகைப்பூ மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நனைந்த சாக்கிலிருந்து தண்ணீர் அவர் முதுகில் ஒழுகியது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டார்.

"ஏலே, வாத்தியார் மகன்தான? மிசின் நல்லா ஓடுதா?"

பரணில் ஏறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. "ஓடுதுண்ணே" என்றேன்.

"ஓடும். நல்ல போர்டு அது."

வாய் சும்மா இருந்திருக்கலாம். "கல்யாணம் ஆயிருச்சாண்ணே?" என்று கேட்டேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். அவர் அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "பூவுக்கு நேரமாச்சு, வாரேன்" என்றார். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை. தேடவும் இல்லை.

போன மாதம் அதே வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டார். மாத்திரை அட்டையில் கையெழுத்துப் போட்டுத்தான் என் மனைவியிடம் கொடுக்கிறார், அவள் கண்டுகொள்வதில்லை. பெட்டியை எடைக்குப் போடலாம் என்று அதன் காகிதங்களைத் தேடியபோது அந்தத் தாள் கிடைத்தது. பொருத்த வந்தவர் நம்பர் எழுதிக் கொடுத்த நகல். போர்டு, டிஸ்க் நம்பர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது ரேமின் நம்பருக்குப் பக்கத்தில் மட்டும் பச்சையில் ஒரு டிக் இருந்தது.

கேபினட்டைத் திறந்து அந்த ரேமைக் கழற்றி வந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நம்பரை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். அதே நம்பர். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது. இத்தனை வருஷம் நான் ஒருவன் மட்டுமே சுமந்தேன் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தேன். "இத எப்பப்பா சரிபாத்தீங்க?"

குனிந்து பார்த்தார். மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. "அவன அனுப்புன அன்னைக்குச் சாயங்காலம்."

"நம்பர் சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப ஒட்டன்சத்திரத்துக்காரரு வந்தப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." சட்னியைத் தொட்டு ஒரு வாய் வைத்துக்கொண்டார். "தெருவே பாக்க அடிச்சாச்சு. சாமியார்ட்டயும் சொல்லியாச்சு. வாத்தியாரு போயி அந்தப் பய கால்ல விழணுமா? அவனுக்கு வயசு இருந்துச்சு, எங்கயாச்சும் பொழச்சுக்கிருவான்."

"அன்னைக்கே என்னையக் கூப்புட்டுக் கேட்டிருக்கலாம்லப்பா. அந்த ரேம அழிச்சது நான்."

"அதுவும் தெரியும். அன்னைக்கு ஒங்கிட்டயும் அந்த வாசம்தான் அடிச்சுச்சு." தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் வாயத் தொறக்கல, சரி. இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. நீ யார்ட்டடா சொன்ன?"

வெளியே வெள்ளையடிப்பவர்கள் ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"குடு அத" என்று கையை நீட்டினார். ரேமைக் கொடுத்தேன். தலையணைக்கு அடியிலிருந்து மார்க்கரை எடுத்தார். மூடியைக் கழற்ற முடியவில்லை, நான்தான் கழற்றிக் கொடுத்தேன். ரேமின் மேல் இரண்டு சுழி, ஒரு வால். வாயருகே கொண்டுபோய் ஊதிக் காயவைத்தார்.

"இப்பப் பாரு" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சரியா இருக்கா?"

"இருக்குப்பா" என்றேன்.